ஏழாம் பக்கத்தில் உன் பல் தடம்

'என் செல்லமே' என்று தொடங்கத்தான் நினைத்தேன். இதை நீ படிக்கிறபோது உனக்கு மீசை முளைத்திருக்கும், பக்கத்தில் யாராவது எட்டிப் பார்த்தால் கூச்சப்படுவாய் என்று விட்டுவிட்டேன். உத்தியோகத்துக்குப் போகிற மகனை 'டா' போட்டுக் கூப்பிடலாமா, கூடாதா என்று அரைமணி நேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். உன் அம்மா அப்படித்தான். வராத மழைக்கு முந்தின நாளே குடையைத் துடைத்து வைப்பவள். இப்போது மதியம் இரண்டு மணி. நீ பாயைவிட்டு உருண்டு வெறும் தரையில் தூங்குகிறாய். இன்னும் ஒன்பது நாளில் உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம். உன் அப்பா அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் உன்னை இப்போதே முப்பது வயதுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அங்கே உனக்கு மேலதிகாரி எப்படி வாய்ப்பாரோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன். உன் முதல் பிறந்தநாளுக்கு எழுதவேண்டிய கடிதம் இது. உனக்கு நாலு வயது முடிந்தபிறகு எழுதுகிறேன். தாமதத்தைப் பற்றியும் இதில் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. அதனால் இது ஒருவகையில் பொருத்தம்தான். நீ முதன்முதலாக வேலைக்குப் போகிற அன்று இதை உன் கையில் கொடுப்பேன். அதற்குள் எங்கே வைத்தேன் என்று மறந்துவிடாமல் இருக்கவேண்டும்.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று கேட்டால், 'அம்மா பம்பு ஆபீசுக்குப் போவுது' என்று நீ தெருவுக்கே சொல்கிறாய். அது சரிதான். தர்மபுரியில் கிணற்றுக்கு மோட்டார் பம்பு செய்கிற பட்டறை அது. முப்பது பேர் இரும்போடு மல்லுக்கட்டுகிற இடத்தில் நாங்கள் மூன்று பேர் தாளோடு மல்லுக்கட்டுகிறோம். மாவட்டம் தனியாகப் பிரிந்து பத்து வருஷம் ஆகிறது. இன்னும் பாதிப்பேர் சேலம் ஜில்லா என்றுதான் விலாசம் எழுதுகிறார்கள். ஆனால் கரண்டு மட்டும் விலாசம் தப்பாமல் ஊர் ஊராக வந்துகொண்டிருக்கிறது. கம்பி வந்த ஊரில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்தவர்கள் மோட்டார் கேட்கிறார்கள். வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அதை மாட்டிக் கொடுக்க ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஃபிட்டர் பஸ் ஏறவேண்டியிருந்தது. எங்கள் முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது: எட்டுப் பக்கத்தில் தமிழில் ஒரு புத்தகம், படம் போட்டு, பம்போடு சேர்த்துக் கொடுத்துவிட்டால் விவசாயி தானே மாட்டிக்கொள்வாரே! அதற்குத்தான் பௌதிகம் படித்த, தமிழ் டைப்ரைட்டிங் தெரிந்த ஆள் தேடினார்கள். உனக்கு அப்போது ஐந்து மாதம். முதலாளி என் சான்றிதழை ஒருமுறையும் என்னை இரண்டுமுறையும் பார்த்தார். 'குழந்தைக்காரியா இருக்கறியேம்மா, முடியுமா?' என்றார். 'பாத்துக்குவேங்க' என்றேன். அந்த ஒரு வார்த்தையைக் காப்பாற்றப்போய்த்தான் நான் ஒரு தப்பைச் செய்தேன்.

எங்கள் மூன்று பேரையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். மேஸ்திரி முனிரத்தினம், பம்பின் உள்ளும் புறமும் தெரிந்தவர். காதை வைத்துக் கேட்டே எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கையில் பேனாவைக் கொடுத்தால் மட்டும் வியர்த்துப்போவார். ஜமால் பாய், கடைவீதியில் பெயர்ப்பலகை எழுதுகிற குடும்பம். அவர் வரைந்த படத்தில் திருகைத் தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டும் போலிருக்கும். என்னைத் தங்கச்சி என்பார். மூன்றாவது நான். பட்டறையில் எனக்குப் 'புத்தகக்காரம்மா' என்று பெயர். வேலையை நாங்கள் எப்படிப் பிரித்துக்கொண்டோம் தெரியுமா? பக்கம் பக்கமாக! முதல் மூன்று மேஸ்திரிக்கு, அடுத்த மூன்று எனக்கு, கடைசி இரண்டு பாய்க்கு. கல்யாண வீட்டில் காய் நறுக்கப் பிரித்துக்கொள்கிற மாதிரி. இதன் விளைவு, எழுத வராத மேஸ்திரி எழுதினார். பம்பு தெரியாத நான் பம்பைப் பற்றி முடிவெடுத்தேன். படம் வரையவேண்டிய பாய், 'தங்கச்சி, இறுக்கவும்க்கு எந்த ற?' என்று கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் நான் கார்பன் வைத்து நாலு பிரதி டைப் அடிப்பேன். ஆளுக்கு ஒன்று, முதலாளிக்கு ஒன்று. அவரவர் பிரதியில் அவரவர் திருத்துவார்கள். ஒருவர் 'வலப்பக்கம்' என்று திருத்தியதை இன்னொருவர் அவர் பிரதியில் 'இடப்பக்கம்' என்று திருத்தியிருப்பார். நாலையும் விரித்துவைத்து எல்லாத் திருத்தத்தையும் ஒரே பிரதியில் ஏற்றி அச்சகத்துக்குக் கொடுப்பது என் பொறுப்பு. அச்சானதும் பழைய பிரதிகளைச் சுருட்டி எதிரே இருந்த டீக்கடைக்குக் கொடுத்துவிடுவோம். தர்மபுரியில் எத்தனையோ பேர் எங்கள் பம்பு விளக்கத்தில் மடித்த வடையைத் தின்றிருக்கிறார்கள்.

உனக்கு எட்டு மாதம் ஆனபோது இரண்டு பல் கீழே முளைத்தது. சின்ன பம்புக்கு ஒரு புத்தகம் போட்டு முடித்து, பெரிய பம்புக்கான புத்தகம் அப்போதுதான் முடிகிற நிலையில் இருந்தது. அன்று மதியம் மேஸ்திரியின் திருத்தங்களை ஒவ்வொன்றாக மூலப்பிரதியில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஆறு பக்கம் ஆயிற்று. அச்சக ஆள் வந்து வாசலில் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு நிற்கிறார். அந்த நேரத்தில் நம் பக்கத்து வீட்டு சரோஜா அக்கா தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். உன்னைப் பகலில் பார்த்துக்கொள்பவர் அவர்தான். 'புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது, நீ சீக்கிரம் வா' என்றார். ஏழாம் பக்கத்தில் மேஸ்திரி இரண்டு வரி கிறுக்கியிருந்தது கண்ணில் பட்டது. படிக்கவில்லை. சரி, நாளைக்கு அச்சகத்துக்கே போய்ச் சேர்த்துவிடலாம் என்று அந்த ஒரு தாளை மட்டும் என் துணிப்பையில் திணித்துக்கொண்டு, மூலப்பிரதியை அச்சக ஆளிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். முதலாளி எதிரே வந்தார். 'என்னாம்மா, இவ்வளவு சீக்கிரம்?' என்றார். 'வேலை முடிஞ்சதுங்க' என்றேன். குழந்தைக்கு ஜுரம் என்று சொல்ல வாய் வரவில்லை. மூன்று மாதத்துக்கு முன் சொன்ன 'பாத்துக்குவேங்க' குறுக்கே நின்றது.

உனக்கு மூன்று நாள் ஜுரம். அந்த மூன்று நாளில் எனக்குப் பம்பும் நினைவில்லை, பக்கமும் நினைவில்லை. டாக்டர் கொடுத்த மருந்தை ஒருநாள் மதியம் நான் கொடுத்தேன் என்று உன் அப்பாவும், அவர் கொடுத்தார் என்று நானும் நினைத்து, கடைசியில் யாருமே கொடுக்கவில்லை. மறுநாள் உன் அப்பா மருந்துப் புட்டியில் ஒரு சீட்டை ஒட்டி, ஒரு பென்சில் துண்டை அதன் கழுத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டார். 'குடுத்த ஆளு சீட்டுல ஒரு கோடு போடணும். கோடு இல்லைன்னா குடுக்கலைன்னு அர்த்தம். என்னையும் நம்பாதே, உன்னையும் நம்பாதே, கோட்டை நம்பு' என்றார். மொரப்பூர் ஸ்டேஷனில் பார்சல் பார்க்கிறவர் அவர். எதைக் கண்டாலும் சீட்டு ஒட்டாமல் தூக்கம் வராது. உனக்கும் ஒரு சீட்டு ஒட்டிவிடுங்களேன் என்று நான் சிரித்தேன். அந்தப் பென்சில் பின்னால் எங்களுக்கு எவ்வளவு உதவப் போகிறது என்று அப்போது தெரியாது.

புத்தகம் அச்சாகி வந்தது. பளபளவென்று இருந்தது. முதலாளி அதை முகர்ந்து பார்த்தார். ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலையில் கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து சின்னசாமி என்கிற விவசாயி பஸ் கூரையில் பம்பை ஏற்றிக்கொண்டு வந்து பட்டறை நடுவில் தொப்பென்று இறக்கினார். தீய்ந்த வாடை அடித்தது. 'ஏனுங்க மொதலாளி, எங்கூர்ல மொத மோட்டாரு எங்களுதுங்க. ஊரே கெணத்தச் சுத்தி நின்னுச்சு. புத்தகத்துல போட்டபடியே ஒண்ணு வுடாம செஞ்சமுங்க. சுச்சியப் போட்டதும் கர்ர்ருனு சுத்துச்சு, தண்ணி வருல. புதுசு, கொஞ்ச நேரம் ஆவும்னு வுட்டுப்புட்டோம். பொகைதான் வந்துச்சு. எம் பங்காளி கேக்கறான், பம்பு வாங்கினியா, ரைசு மில்லு வாங்கினியான்னு!' என்றார். பட்டறையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். சின்னசாமி சிரிக்கவில்லை. மேஸ்திரி புத்தகத்தைப் பிடுங்கி ஏழாம் பக்கத்தைப் பார்த்தார். குழாயை இறுக்கவும் என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியே சுவிட்சைப் போடவும் என்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் பம்பின் வாயில் தண்ணீர் ஊற்றி உள்ளே இருக்கிற காற்றை வெளியேற்றவேண்டும் மகனே. அதைச் செய்யாமல் ஓட்டினால் பம்பு வெறும் காற்றைக் கடைந்து சூடேறிப் பொசுங்கிவிடும். அந்த வரியையே காணோம்.

முதலாளி மேஸ்திரியைத்தான் கேட்டார். பம்பு தெரிந்தவர் அவர்தானே? 'இருவது வருசமா இதச் செய்யறவன், தண்ணி ஊத்தறத எழுத மறந்திருக்கியே!' மேஸ்திரி 'எழுதினேனுங்க' என்றார். பிறகு, 'எழுதினேன்னுதான் நெனைக்கிறேன்' என்றார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, 'சின்ன பம்பு புத்தகத்துல எழுதினனா, இதுலயான்னு தெரியலீங்க' என்றார். காட்டுவதற்கு அவர் பிரதி இல்லை. அது வடையோடு போயிருந்தது. முதலாளி சின்னசாமிக்கு வேறு பம்பு கொடுக்கச் சொன்னார். எங்களைப் பார்த்து, 'புத்தகமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இனிமே ஒவ்வொரு ஊருக்கும் மேஸ்திரியே பஸ் ஏறிப் போயி மாட்டிக் குடுக்கட்டும். மறக்கற ஆளுக்கு அதான் சரி' என்றார். பட்டறையிலேயே கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கியவர் எல்லார் முன்னாலும் மறதிக்காரர் ஆனார். எனக்கு அப்போதுதான் அந்தத் துணிப்பை ஞாபகத்துக்கு வந்தது. அது அதற்குள் உன் துணி மூட்டையாகி வீட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு ஓடிப்போய் அதை உதறினேன். உன் சட்டைகளுக்கும் கந்தல்களுக்கும் அடியிலிருந்து ஏழாம் பக்கம் விழுந்தது. மேஸ்திரியின் கோணல் எழுத்தில், 'மொதல்ல பம்பு வாயில தண்ணி ஊத்தி காத்து போவ வுடணும். மறக்கக் கூடாது' என்று இருந்தது. வலது மூலை நைந்து, அதில் இரண்டு சின்னப் பள்ளம். எப்போதோ நீ பையைக் கவிழ்த்துப்போட்டு அதைக் கடித்து ருசி பார்த்திருக்கிறாய்.

இதற்கு அப்புறம் நான் செய்ததை எழுதத்தான் மூன்று வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மூன்று நாள் நான் அதைச் சொல்லவில்லை. தினமும் தாளைப் பையில் எடுத்துக்கொண்டு போவேன், திரும்பக் கொண்டுவருவேன். சொன்னால், குழந்தைக்காரியை வைத்தால் இப்படித்தான் என்பார்கள். எனக்குப் பிறகு அந்தப் பட்டறைக்கு இன்னொரு பெண் வரவே முடியாது என்று எனக்கு நானே பெரிய நியாயம் பேசிக்கொண்டேன். உண்மை அவ்வளவு பெரியது இல்லை. எனக்குப் பயம், அவ்வளவுதான். அந்த மூன்று நாளும் மேஸ்திரி எண்ணெய் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே எண்ணெய் டப்பாவைத் தேடினார். நீ மறதிக்காரன் என்று நாலு பேர் சொன்னால் நல்ல மனுஷனும் மறக்க ஆரம்பித்துவிடுகிறான். உன் அப்பாவிடம் தாளைக் காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். 'பார்சல் ஆபீசுல மூட்டை மாறிப்போனாக்கூட, சீட்டு ஒருத்தன் கையில இருக்கற வரைக்கும் மூட்டை தொலையலை. மேஸ்திரி பேரும் தொலையலை. சீட்டு உங்கிட்ட இருக்குது. நீ எப்பக் குடுக்கறியோ அப்பக் கெடைக்கும்' என்றார். கொஞ்ச நேரம் கழித்து, 'ரொம்பப் பயமா இருந்தா பையன் கடிச்சுட்டான்னு சொல்லிடு. அவனை வேலையை வுட்டு எடுக்கட்டும்' என்றார். நீ அப்போது என் புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாய்.

நாலாம் நாள் காலையில் முதலாளி அறைக்குப் போனேன். மேஸ்திரியையும் கூப்பிடச் சொன்னேன். பாயும் பின்னாலேயே வந்து நிலையில் சாய்ந்துகொண்டார். தாளை மேசைமேல் வைத்தேன். முதலாளி கண்ணாடியை மாட்டி, எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மூலையைப் பார்த்தார். 'என்னாம்மா இது, ஆபீசுல எலி இருக்குதா?' 'எலி இல்லீங்க, என் பையன்' என்றேன். அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. ஜுரம், சைக்கிள் மணி, துணிப்பை, மூன்று நாள், எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. முதலாளி தாளை மேஸ்திரி பக்கம் தள்ளினார். 'அன்னைக்கு எதுக்கால வந்தனே, ஜுரம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அச்ச ஒருநாள் நிறுத்தியிருப்பனே. நான் குழந்தைக்காரின்னு சொன்னதுதான் உன் வாயக் கட்டிப் போட்டுதா?' என்றார். தலையாட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது துடைக்கவேண்டிய அளவு அழுக்காக இல்லை. மேஸ்திரி தாளை எடுத்துத் தன் எழுத்தைத் தானே எழுத்துக் கூட்டிப் படித்தார். 'எங் கையெழுத்துதான். மூணு நாளா வூட்டுல எம் பொண்டாட்டி, நேத்து உப்பு வாங்க மறந்தீங்க, அதுக்கு முன்னால தண்ணி எழுத மறந்தீங்கன்னு பாடுறா. நானும் ஆமா ஆமான்னு ஒத்துக்கிட்டம்மா' என்றார். சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அன்று அவர் எங்களோடு டீ குடிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டேன். காதில் விழுந்ததாகவே அவர் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்து நின்றார். 'நீ அழுதுகிட்டே கெடந்தா பம்பு ஓடுமா? இனிமே இப்படி ஆவாம இருக்க என்னா பண்றது, அதச் சொல்லு' என்றார். மன்னித்துவிட்டேன் என்பதை அவர் அப்படித்தான் சொல்வார் என்று எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் புரிந்தது.

முதலாளி புத்தகத்துக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். சின்னசாமிக்குக் கொடுக்கிற புதுப் பம்பைப் புதுப் புத்தகத்தை மட்டும் வைத்து அவர் வீட்டு ஆட்களே மாட்டவேண்டும். தண்ணீர் வந்தால் புத்தகம் உண்டு, வராவிட்டால் அன்றோடு சரி. நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து வேலையை மறுபடி பிரித்தோம். இந்த முறை பக்கத்தைப் பிரிக்கவில்லை. தெரிந்தவர் சொல்லவேண்டும், அவர் எழுதவே கூடாது. தெரியாதவள் எழுதவேண்டும், தெரியாதவளுக்குத்தானே எங்கே சந்தேகம் வரும் என்று தெரியும்? பாய் வரையமட்டும் செய்வார். மேஸ்திரிக்குப் பேனாவிலிருந்து விடுதலை கிடைத்ததும் அவர் பேசின பேச்சு இருக்கிறதே, ஒரு மணி நேரத்தில் எனக்குக் கை வலித்துவிட்டது. கார்பனைத் தூக்கி அலமாரிக்குள் போட்டுப் பூட்டினோம். ஒரே பிரதி, ஒரே அட்டைக்குள், சிவப்பு நூல் போட்டுக் கட்டி. அது ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான் இருக்கும். அட்டையில் ஒரு பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டேன். பார்த்து முடித்தவர் கோடு போட்டுவிட்டு அடுத்தவரிடம் கொடுக்கவேண்டும். மூன்று கோடு விழாமல் அச்சக ஆள் எவ்வளவு மணி அடித்தாலும் தாள் வெளியே போகாது. 'யாருக்கும்மா மருந்து குடுக்கறோம்?' என்று மேஸ்திரி கிண்டல் செய்தார். உன் ஜுரக் கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து அவர் கோடு போடும்போதெல்லாம், 'ஒரு மொடக்கு குடிச்சாச்சு' என்பார்.

கம்பைநல்லூருக்குப் போன நாளை நான் மறக்கவே மாட்டேன். உன்னையும் தூக்கிக்கொண்டுதான் போனேன். முதலாளியே, 'கூட்டிக்கிட்டுப் போ, வழியில கடிக்கறதுக்கு ஏதாச்சும் குடு' என்றார். கிணற்றடியில் ஒரு ஏற்பாடு செய்தோம். நான் புத்தகத்தில் இருப்பதை இருக்கிறபடி வாசிப்பேன். அந்த வீட்டு ஆள் செய்வார். அவர் எங்கே தயங்கினாலும் பாய் குறித்துக்கொள்வார். மேஸ்திரி வாயைத் திறக்கவே கூடாது. 'அது நடக்காது தங்கச்சி. தப்பா ஒரு திருகு திரும்பினா மேஸ்திரி தூக்கத்துலகூட எந்திரிச்சுச் சொல்லிடுவாரு' என்றார் பாய். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தோம். மேஸ்திரியிடம் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்து, ஒரு வாய் நிறைய வைத்துக்கொள்ளச் சொன்னோம். விழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது. அவர் கன்னம் இரண்டும் உப்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நீ கைதட்டிச் சிரித்தாய். வேலை செய்ய சின்னசாமி வருவார் என்று பார்த்தால், அவர் பெண்சாதி மாதம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு வந்தார். 'இவரு காலையில காட்டுக்குப் போயிட்டா மோட்டாரு போடறது நாந்தானுங்க? எனக்குத் தெரிஞ்சாப் போதும்' என்றார். எங்களுக்கு அந்த யோசனையே வந்திருக்கவில்லை. அவர் முதலில் படத்தைப் பார்த்தார். பாய் அழகாக வரைந்திருந்தார். முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் வாட்ச். 'இது யாருங்க கை? வாட்ச் கட்டினவரு எங்க கெணத்துக்கு எதுக்கு வராரு?' என்றார். பாய் அதையும் குறித்துக்கொண்டார்.

குழாய் இறுக்கியாயிற்று. ஏழாம் பக்கம் வந்தது. 'பம்பின் வாயில் தண்ணீர் ஊற்றவும்' என்று வாசித்தேன். மாதம்மாள் ஒரு சொம்பு ஊற்றினார். என்னைப் பார்த்தார். 'போதுங்களா?' நான் தாளைப் பார்த்தேன். அதில் அதற்கு மேல் இல்லை. 'எவ்ளோ ஊத்தறதுன்னு எழுதலீங்களா? எம் மாட்டுக்கே ரெண்டு கொடம் வேணும், இதுக்கு ஒரு சொம்புதானா?' மேஸ்திரியின் முகம் சிவந்தது. 'ம்ம்! ம்ம்!' என்று கையை ஆட்டினார். மாதம்மாள் நிதானமாகச் சுவிட்சுப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், மேஸ்திரி வாயிலிருந்த தண்ணீர் மொத்தமும் பாயின் சட்டைமேல் விழுந்தது. 'வழியற வரைக்கும் ஊத்து தாயி! குமிழி நிக்கற வரைக்கும் ஊத்து!' பாய் சட்டையை உதறிக்கொண்டே, 'பம்பு வாயில ஊத்தணும்னு எழுதியிருக்குது. எம் மேல ஊத்தணும்னு எந்தப் பக்கத்துல இருக்குது மேஸ்திரி?' என்றார். ஊர் சிரித்த சிரிப்பில் நீ பயந்து அழுதாய். நான் அங்கேயே கிணற்றுச் சுவரில் தாளை வைத்து, 'தண்ணீர் வழிந்து, குமிழி நிற்கும்வரை ஊற்றவும்' என்று எழுதி, அந்த வரியை மறுபடி வாசித்தேன். மாதம்மாள் இன்னும் ஐந்து சொம்பு ஊற்றினார். குமிழி நின்றது. மூடியை இறுக்கினார். சுவிட்சைப் போட்டார். ஒரு நிமிஷம் வெறும் சத்தம். என் கையிலிருந்த உன் முதுகை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்றால் நீ அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாய். அப்புறம் குழாய் ஒருமுறை இருமியது; தண்ணீர் கையளவு கனத்தில் வந்து வாய்க்காலில் விழுந்தது. சின்னசாமி தன் பங்காளி எங்கே நிற்கிறார் என்று தேடினார். மேஸ்திரி வாய்க்காலில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, 'புத்தகக்காரம்மா, நான் வாயத் தொறந்தது தப்புத்தான். அதனால திரும்பவும் ஒருக்கா மொதல்லருந்து செய்யச் சொல்லு' என்றார். மறுபடியும் ஒரு வாய்த் தண்ணீர் வைத்துக்கொண்டார். இரண்டாம் முறை அவர் துப்பவேண்டி வரவில்லை.

இப்போது எங்கள் புத்தகத்தின் அட்டையில் சுவிட்சைப் போடுகிற கையில் வளையல் இருக்கிறது. மருந்து தெளிப்பான், சின்ன மோட்டார் என்று நாலு புத்தகம் வந்துவிட்டது. எல்லாம் சிவப்பு நூல், பென்சில், ஒரு வாய்த் தண்ணீர் வழியாகத்தான் போகின்றன. மேஸ்திரிதான் ஒவ்வொரு முறையும் சொம்பை முதலில் எடுக்கிறார். நீ எந்த வேலைக்குப் போவாய் என்று எனக்குத் தெரியாது. பாலம் கட்டலாம், பயிர் பார்க்கலாம், உன் அப்பா மாதிரி சீட்டு ஒட்டலாம். எங்கே போனாலும் நாலு பேரோடு சேர்ந்துதான் செய்வாய். அவரவருக்கு வருவது எதுவோ அதைக் கொடு. எண்ணிக்கை சமமாக இருக்கவேண்டும் என்று பக்கத்தை வெட்டிக் கொடுக்காதே. நம் தலைக்குள் இருப்பதை நம்பாமல் எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் ஒரு கோடு போட்டுவை. நீ நன்றாக அறிந்த ஒன்றை இன்னொருவர் தட்டுத்தடுமாறிச் செய்கிறபோது வாயில் தண்ணீர் வைத்துக்கொள்ள உனக்குப் பொறுமை இருக்கட்டும். இந்தப் பொறுமை எனக்கு இன்னும் முழுசாக வரவில்லை. இன்று காலையில்கூட நீ சட்டைப் பொத்தான் போட முயன்றபோது நான் பிடுங்கிப் போட்டுவிட்டேன். ஒன்பது நாளில் நீ தனியாகப் போகப் போகிறாய். நாளையிலிருந்து நீ பொத்தான் போடும்போது நான் சமையலறையில் ஒரு வாய்த் தண்ணீரோடு நிற்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

தப்புச் செய்வாய். செய்யாமல் இருக்கமாட்டாய், என் மகன் நீ. அப்போது உனக்குச் சமாதானமாக ஒரு பெரிய நியாயம் தோன்றும். நான் சொல்லாமல் இருப்பதே எல்லாருக்கும் நல்லது என்று தோன்றும். அந்த நேரத்தில் உனக்குப் பதிலாக யாரோ ஒருவர் எண்ணெய் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணெய் டப்பாவைத் தேடிக்கொண்டிருப்பார். அவரை நினைத்துக்கொள். எனக்கு மூன்று நாள் ஆயிற்று. நீ சாயங்காலத்துக்குள் சொல்லிவிடு.

இந்தக் கடிதத்தோடு ஏழாம் பக்கத்தை வைத்திருக்கிறேன். மூலையைப் பார், அந்த இரண்டு பள்ளம் உன்னுடையது. அதன் கீழே பென்சிலில் இருப்பது மேஸ்திரியின் எழுத்து. புதுப் புத்தகம் அச்சானபோது கடைசிப் பக்கத்தில் எல்லார் பெயரையும் போடலாம் என்று முதலாளி சொன்னார். சொன்னவர், எழுதியவர், வரைந்தவர், செய்து பார்த்தவர் என்று நான் எழுதி முடித்து மாதம்மாள் பெயரையும் சேர்த்தேன். மேஸ்திரி இந்தத் தாளை என்னிடமிருந்து வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக இன்னொரு வரி சேர்த்தார்: 'கடிச்சிப் பாத்தவரு' என்று போட்டு உன் பெயர். அந்த வரியை மட்டும் அச்சகத்துக்கு அனுப்பவில்லை. அது உனக்கு.

நீ எழுந்துவிட்டாய். வந்து என் தோளில் தொங்கிக்கொண்டு பேனாவைக் கேட்கிறாய். கொடுத்துவிடப் போகிறேன், கீழே ஒரு கோடு இருக்கும், அது நீ போட்டது. அம்மாவின் கோடு அதன் பக்கத்தில் இருக்கிறது. அப்பா ரயில் இறங்கி வந்து படித்துவிட்டு மூன்றாவதைப் போடுவார். அதற்குப் பிறகு இதை மடித்துவிடுவேன். கார்பன் வைக்கவில்லை, கண்ணே. வேறு பிரதி கிடையாது. உன் கையில் இருப்பதுதான்.

அம்மா